ஒரே மொழியில் முன்பக்கமும் பின்பக்கமும்: க்ளீமில் ஒரு வலைச்செயலியை முழுதாகக் கட்டுவது

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில், பில் பக்கத்தில் தொகை வர வேண்டிய இடத்தில் ‘நான்’ என்று வந்து நின்றது. எண்ணாக்க முடியாததை எண்ணாக்கச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் ‘நாட் எ நம்பர்’ (எண் அல்ல) என்பதைச் சுருக்கித் திருப்பித் தரும் ஆங்கில மூன்றெழுத்துதான் அது. “பணம் கட்ட வேண்டியது யாருப்பா?” என்று கேட்டதற்குத் திரையே “நான்” என்று சொல்வதுபோல் இருந்ததால் கொஞ்ச நேரம் சிரித்தோம், அப்புறம் தேட ஆரம்பித்தோம். சர்வர் பைத்தானில் இருந்தது. அங்கே ஒருவர் ஒரு ஃபீல்டின் (தரவில் ஒரு தகவலுக்கான இடத்தின்) பெயரை மாற்றியிருந்தார், டெஸ்ட்கள் எல்லாம் பச்சை. ஜாவாஸ்கிரிப்டில் இருந்த முன்பக்கம், அதாவது பயனரின் பிரவுசரில் ஓடும் பகுதி, பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது, அங்கேயும் டெஸ்ட்கள் பச்சை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் யாரும் பார்க்கவில்லை.

முன்பக்கம், பின்பக்கம் (சர்வரில் ஓடும் பகுதி) இரண்டையும் ஒரே மொழியில் எழுதுவதில் எனக்கு ஆர்வம் வந்தது அந்தச் சந்தால்தான். ஒரு மொழி கற்றால் போதும் என்கிற சோம்பல் அதற்குக் காரணமில்லை. தரவின் வடிவத்தை ஓரிடத்தில் எழுதி, இரண்டு பக்கமும் அதையே பயன்படுத்த வேண்டும், மாற்றினால், நிரலைப் படித்து ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் இரண்டு பக்கமும் கத்த வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அது எவ்வளவு தூரம் நிறைவேறுகிறது, எங்கே நிறைவேறாது என்பதை க்ளீம் என்ற மொழியில் ஒரு சின்னச் செயலியைக் கட்டியபடியே பார்ப்போம். ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர்கள் யார் என்ன செலவு செய்தார்கள் என்று குறித்துவைக்கும் கணக்குப் புத்தகம், அவ்வளவுதான்.

ஏன் க்ளீம்

ஃபங்ஷன்களைக் கோத்து நிரல் எழுதும் ஃபங்ஷனல் மொழிகளில் இதற்கு வழிகள் பல. க்ளோஜருக்கு 2011 முதலே க்ளோஜர்ஸ்கிரிப்ட் இருக்கிறது. எஃப் ஷார்ப்பை ஃபேபிள் என்ற கம்பைலர் ஜாவாஸ்கிரிப்டாக்கும். ஓகாமல், ஸ்காலா இரண்டுக்கும் அப்படியே. ஹாஸ்கலின் முதன்மைக் கம்பைலரே 2023-இல் வந்த 9.6 பதிப்பிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் தருகிறது. எல்ம் அருமையான மொழி, ஆனால் முன்பக்கத்துக்கு மட்டும்.

நான் க்ளீமைத் தேர்ந்தெடுப்பது அது சின்ன மொழி என்பதால். ஒரு வார இறுதியில் மொழி முழுவதையும் படித்துவிடலாம். லூயிஸ் பில்ஃபோல்டு தொடங்கிய இந்த மொழியின் 1.0 பதிப்பு 2024 மார்ச்சில் வந்தது. கம்பைலர் ரஸ்டில் எழுதப்பட்டது. ஒரே நிரலை எர்லாங்காகவும் மாற்றும், ஜாவாஸ்கிரிப்டாகவும் மாற்றும். எர்லாங், எரிக்சன் நிறுவனத்தில் 1986-இல் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்தது. ஒரு அழைப்பு அறுந்தால் மற்ற அழைப்புகள் அறுந்துவிடக் கூடாது என்பதே அதன் அடிப்படைக் கவலை. வலைச் சர்வருக்கும் அதே கவலைதானே? க்ளீமில் ‘மதிப்பே இல்லை’ என்று சொல்லும் நல் கிடையாது, பிழையை எக்ஸப்ஷனாக வீசிப் பிடிக்கும் பழக்கமும் கிடையாது. தோற்கக்கூடிய ஃபங்ஷன் ‘ரிசல்ட்’ என்ற டைப்பைத் திருப்பித் தரும். அதைப் பிரித்துப் பார்க்காமல் உள்ளிருக்கும் மதிப்பைத் தொட முடியாது.

“டைப்ஸ்கிரிப்டிலேயே செய்யலாமே” என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் அங்கே ‘எனி’ (எந்த டைப்பும் செல்லும்) என்று ஒரு பின்வாசல் எப்போதும் திறந்திருக்கும், அவசரத்தில் எல்லோரும் அதன் வழியாகத்தான் போவோம்.

முதலில் நிறுவ வேண்டியவை

க்ளீம், எர்லாங், எர்லாங்கின் பில்டு கருவியான ரீபார் 3, ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட்களை ஓட்ட நோட். க்ளீம் ஒரே ஃபைல்தான். கம்பைலர், பேக்கேஜ் மேலாளர், ஃபார்மேட்டர், எழுதும்போதே எடிட்டரில் பிழை காட்டி உதவும் லாங்வேஜ் சர்வர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்.

கவனிக்க வேண்டியது எர்லாங்கின் பதிப்பு. ஓடிபி 27 (எர்லாங் தொகுப்பின் பதிப்பை இப்படித்தான் சொல்வார்கள்) அல்லது அதற்கு மேல் வேண்டும். அந்தப் பதிப்பிலிருந்துதான் எர்லாங்குக்குச் சொந்தமாக, தரவை எழுத்துச் சரமாக எழுதும் ஜேசான் வடிவத்துக்கான மாட்யூல் உண்டு, க்ளீமின் ஜேசான் பேக்கேஜ் அதை நம்பியிருக்கிறது. லினக்ஸோடு வரும் எர்லாங் சில சமயம் பழையதாக இருக்கும். நிறுவிய கையோடு பதிப்பைப் பார்த்துவிடுங்கள், பிறகு வரும் புரியாத பிழைச் செய்திகளில் பாதி குறையும்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று பெட்டிகள்

ஒரு காலி ஃபோல்டருக்குள் ‘க்ளீம் நியூ’ கட்டளையை மூன்று முறை ஓட்டி க்ளையண்ட், சர்வர், ஷேர்டு என மூன்று பேக்கேஜ்களை உருவாக்குங்கள். க்ளையண்டின் டோமல் ஃபைலில் (பேக்கேஜின் அமைப்புகளை எழுதும் ஃபைல்) டார்கெட், அதாவது எந்த மொழியாக மாற்ற வேண்டும் என்பது, ஜாவாஸ்கிரிப்ட் என்று எழுதுங்கள், சர்வரில் எர்லாங். ஷேர்டில் எதையும் நிர்ணயிக்க வேண்டாம், அது இரண்டிலும் ஓட வேண்டியது. பிறகு க்ளையண்ட், சர்வர் இரண்டின் டோமல் ஃபைலிலும் ஷேர்டை அதன் பாதையைக் கொடுத்துச் சார்பாகச் சேருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜில் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். சர்வருக்கான தரவுதள பேக்கேஜ் எர்லாங்கில் மட்டும் ஓடும். அதை முன்பக்கத்திலிருந்து தெரியாமல் கூப்பிட்டால் ‘இந்த டார்கெட்டில் இது இல்லை’ என்று கம்பைலர் நிறுத்திவிடும். நல்லதுதான், ஆனால் பெட்டிகளைப் பிரித்துவிட்டால் அந்தச் சண்டையே வராது. இன்னொரு காரணமும் உண்டு. ஷேர்டில் எழுதுவது எல்லாம் பயனரின் பிரவுசருக்குப் போகக்கூடியது. கடவுச்சாவி, கட்டணச் சூத்திரம் போன்ற எதுவும் அங்கே இருக்கக் கூடாது. ஃபோல்டர் தனியாக இருந்தால் கை தானாகத் தயங்கும்.

ஷேர்டு: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

செலவு என்பதன் வடிவத்தை இங்கே எழுதுகிறோம். தமிழில் சொன்னால் இப்படி:

செலவு =
  அடையாள எண்: முழு எண்
  கொடுத்தவர்: சொல்
  தொகை: முழு எண், பைசாவில்
  வகை: உணவு | வாடகை | பயணம் | மற்றவை
  குறிப்பு: சொல்

பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் தசம எண்களாகக் கூட்டினால் சரியாக 0.3 வராது என்பது தெரிந்த கதை. பைசாவை ரூபாயாக்கிக் காட்டும் ஃபங்ஷனையும் ஷேர்டிலேயே எழுதுங்கள். திரையில் வரும் தொகையும் சர்வர் அனுப்பும் மின்னஞ்சலில் வரும் தொகையும் ஒரே மாதிரி இருக்கும்.

வகைக்குச் சொல் போதாதா என்றால், போதாது. கஸ்டம் டைப்பாக வைத்தால் ‘வாடகை’யை யாரும் எழுத்துப்பிழையோடு எழுத முடியாது. நாளை ‘மருத்துவம்’ என்று ஒன்றைச் சேர்த்தால், வகைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பிரித்துப் பார்க்கும் ஒவ்வொரு ‘கேஸ்’ இடத்திலும் ‘இதற்கு வழி சொல்லவில்லை’ என்று கம்பைலர் நிற்கும். முன்பக்கத்தில் ஐகான் காட்டும் இடம், பின்பக்கத்தில் மாத அறிக்கை எழுதும் இடம், இரண்டிலுமே.

எண்களில் ஒரு பொறி இருக்கிறது. எர்லாங்கில் முழு எண்ணுக்கு எல்லை இல்லை. ஜாவாஸ்கிரிப்டிலோ சாதாரண எண்கள் எல்லாமே தசம எண்தான். 9,007,199,254,740,991-ஐத் தாண்டினால் துல்லியம் போய்விடும். க்ளீம் இந்த வித்தியாசத்தை மறைப்பதில்லை. நம் பைசாக் கணக்கு அவ்வளவு தூரம் போகாது (போனால் அறை நண்பர்களோடு ஏன் தங்கியிருக்கிறோம்?), ஆனால் 64 பிட் அடையாள எண்களைப் பயன்படுத்தும் தரவுதளம் என்றால் அவற்றைச் சொல்லாக அனுப்புங்கள்.

எழுத்துகளில் நமக்கு நல்ல செய்தி. குறிப்பு 100 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி வைக்கிறீர்கள். ‘நிலா’ என்பது ஜாவாஸ்கிரிப்டின் கணக்கில் 4, நம் கண்ணுக்கு 2. க்ளீமின் ஸ்ட்ரிங் நீளம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கூட்டத்தை எண்ணும், இரண்டு டார்கெட்டிலும் 2 என்றுதான் சொல்லும். விதியை ஷேர்டில் ஒரு முறை எழுதினால் போதும். முன்பக்கம் அதைக் கூப்பிட்டு உடனே சிவப்பு எழுத்தில் காட்டும், சர்வர் அதையே கூப்பிட்டு மறுபடி சரிபார்க்கும். முன்பக்கம் பார்த்துவிட்டதே என்று சர்வரில் விட்டுவிடாதீர்கள். பிரவுசரைத் தொடாமலே யாரும் கோரிக்கை அனுப்பலாம்.

இனி அந்தச் சந்து. டைப் இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஆனால் நடுவில் போவது ஜேசான், வெறும் எழுத்துச் சரம். க்ளீம் அதைத் தானாக டைப்பாக மாற்றித் தராது. செலவை ஜேசானாக்கும் என்கோடர் ஒன்று, ஜேசானைச் செலவாக்கும் டிகோடர் ஒன்று என இரண்டையும் நாமே எழுத வேண்டும். லாங்வேஜ் சர்வர் இரண்டையும் எழுதித் தரும்: டைப்பின் மேல் கர்சரை வைத்துக் கோட் ஆக்‌ஷனைத் திறந்தால் போதும். ஆனாலும் அவை டைப்போடு ஒட்டியவை அல்ல. என்கோடரில் ஃபீல்டின் பெயர் ‘தொகை’, டிகோடரில் ‘மொத்தம்’ என்று இருந்தால் கம்பைலர் வாயே திறக்காது. ஏனென்றால் அவை இரண்டும் சரங்கள். என்னைப் பார்த்து ‘நான்’ என்று சொன்ன அதே பிழைதான் இங்கேயும் நுழையும். டிகோடர் குறைந்தபட்சம் பிழையைத் திருப்பித் தரும், குப்பையைத் திரையில் காட்டாது என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு டெஸ்ட் எழுதுவதாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும்: ஒரு செலவை எடுத்து, என்கோடு செய்து, சரமாக்கி, அந்தச் சரத்தை டிகோடு செய்தால் அதே செலவு வர வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு முறை. தமிழ்க் குறிப்பு உள்ள ஒன்று, குறிப்பே காலியாக உள்ள ஒன்று. ‘க்ளீம் டெஸ்ட்’ கட்டளையை டார்கெட் எர்லாங் என்று ஒரு முறை, டார்கெட் ஜாவாஸ்கிரிப்ட் என்று ஒரு முறை ஓட்டுங்கள். என்கோடரும் டிகோடரும் ஒரே ஃபைலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான் இவ்வளவு சுலபமாகச் சோதிக்க முடிகிறது. ஒரே மொழி தரும் லாபத்தில் பெரிய பங்கு என் கணக்கில் இந்த டெஸ்டுக்குத்தான்.

சர்வர்

சர்வர் ஃபோல்டரில் விஸ்ப், மிஸ்ட், ஜேசான் பேக்கேஜ், எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுதளத்துக்கான ‘எஸ்க்யூலைட்’ பேக்கேஜ் ஆகியவற்றைச் சேருங்கள். கடைசியாகச் சொன்ன பேக்கேஜின் பெயரில் ‘ஜி’ ஒன்று ஒளிந்திருக்கும், ஆங்கிலத்தில் தட்டும்போது வெளிச்சத்தைக் குறிக்கும் சொல்போல முடியும். மிஸ்ட் இணைப்புகளைக் கவனிக்கும் சர்வர், விஸ்ப் அதன் மேல் உட்கார்ந்து குக்கி, ஃபைல், ஜேசான் வேலைகளைப் பார்க்கும் ஃப்ரேம்வொர்க்.

தனியாக ரவுட்டர் எதுவும் கிடையாது. பாதையைச் சாய்கோட்டில் உடைத்துப் பட்டியலாகத் தருவார்கள், நாம் கோரிக்கையின் முறையையும் (கெட் என்றால் கேட்பது, போஸ்ட் என்றால் அனுப்புவது) பட்டியலையும் பேட்டர்ன் மேட்ச் செய்கிறோம், அதாவது எந்த வடிவத்தோடு பொருந்துகிறது என்று பார்க்கிறோம்:

கெட், [ஏபிஐ, செலவுகள்] → பட்டியலை அனுப்பு
போஸ்ட், [ஏபிஐ, செலவுகள்] → புதியதைச் சேர்
கெட், [] → பக்கத்தை அனுப்பு
மற்றவை → 404

கோரிக்கை உள்ளே வரும் வழியில் சில காவலர்கள்: பதிவு எழுதுபவர், உள்ளே ஏதாவது வெடித்தால் 500 என்று பதில் தருபவர், ஸ்டாட்டிக் ஃபைலைத் தேடித் தருபவர். இவற்றைச் சேர்க்க ‘யூஸ்’ என்ற சொல் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் தடுமாறும் ஒரே இடம் அநேகமாக இதுதான். பயப்பட ஒன்றுமில்லை. யூஸ் வரிக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் ஒரு ஃபங்ஷனாகச் சுருட்டி, அந்த வரியில் கூப்பிடும் ஃபங்ஷனுக்குக் கடைசி ஆர்கியுமென்டாகக் கொடுக்கிறது, அவ்வளவே. ஒருமுறை யூஸ் இல்லாமல் அதையே விரித்து எழுதிப் பாருங்கள், புரிந்துவிடும்.

போஸ்ட் வழியில், உடலாக வந்த ஜேசானை ஷேர்டின் டிகோடருக்குக் கொடுக்கிறோம். சரியாக வந்தால் ஷேர்டின் விதிகளைச் சரிபார்த்து, தரவுதளத்தில் எழுதி, 201 (உருவாக்கியாயிற்று) என்று பதில். தவறினால் 422 (தரவு ஏற்கத்தக்கதல்ல). தரவுதளக் கேள்வியில் மதிப்புகளைச் சரத்தோடு ஒட்டாமல் கேள்விக்குறி வைத்துத் தனியாகக் கொடுங்கள். பதிலாக வரும் வரிசைகளும் டிகோடர் வழியாகத்தான் டைப்பாகும், ஜேசானுக்குக் கற்ற அதே முறை. போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய தரவுதளத்துக்குப் போகும்போது ‘ஸ்குவிரல்’ என்ற கருவியைப் பாருங்கள். எஸ்க்யூஎல் ஃபைலைப் படித்து, தரவுதளத்தையே கேட்டு, டைப்போடு ஃபங்ஷன்களை எழுதித் தரும்.

க்ளையண்ட்

இங்கே லஸ்டர், முன்பக்கத்துக்கான க்ளீம் ஃப்ரேம்வொர்க். எல்ம் பரப்பிய அமைப்புதான்: மாடல், அப்டேட், வியூ. மாடல் என்பது திரையின் முழு நிலை. வியூ மாடலை வாங்கி எச்டிஎம்எல் தரும். பயனர் எதையாவது செய்தால் ஒரு செய்தி வரும், அப்டேட் பழைய மாடலையும் செய்தியையும் வாங்கிப் புதிய மாடலையும் ‘அடுத்து இதைச் செய்’ என்ற எஃபெக்டையும் தரும்.

மாடலில் ‘லோடிங்’ என்று ஒரு பூலியன் (உண்மை/பொய் மதிப்பு), ‘பிழை’ என்று ஒரு சொல், ‘பட்டியல்’ என்று ஒரு லிஸ்ட் என மூன்றாக வைக்காதீர்கள். லோடிங் உண்மையாகவும் பிழையும் இருப்பதாகவும் ஒரு அபத்த நிலை சாத்தியமாகிவிடும். காத்திருக்கிறது, வந்துவிட்டது, தோற்றது என்று ஒரே கஸ்டம் டைப்பாக்குங்கள். வந்துவிட்டது என்ற நிலையில் மட்டும்தான் பட்டியல் இருக்கும்.

செய்திகளுக்குப் பெயர் வைக்கும்போது யார் என்ன செய்தார் என்று எழுதுவது லஸ்டர் பக்கத்து வழக்கம்: ‘பயனர் சேமியை அழுத்தினார்’, ‘சர்வர் செலவுகளைத் தந்தது’. ‘பட்டியலை மாற்று’ என்று கட்டளையாக வைத்தால், மூன்று மாதம் கழித்து அது எங்கிருந்து வருகிறது என்று நீங்களே தேடுவீர்கள்.

சர்வரைக் கூப்பிட ‘ஆர்எஸ்விபி’ என்ற பேக்கேஜ். அதற்கு முகவரியும் டிகோடரும் கொடுக்க வேண்டும். டிகோடர் எங்கே? ஷேர்டில் எழுதியாயிற்று. திரும்ப வருவது ரிசல்ட் என்பதால் தோல்விக்கும் வழி எழுதாமல் அப்டேட் கம்பைல் ஆகாது. இணைய இணைப்பு போனால் என்ன காட்டுவது என்று முதல் நாளே யோசிக்க வைக்கிறது. எரிச்சலாகத்தான் இருக்கும், பழகிவிடும்.

லஸ்டரின் டெவ் கருவியைப் பில்டுக்கு ஓட்டி, வெளியீட்டு ஃபோல்டராகச் சர்வரின் ‘பிரிவ்’ ஃபோல்டருக்குள் உள்ள ‘ஸ்டாட்டிக்’கைக் கொடுங்கள். பக்கமும் ஏபிஐயும் (தரவு கேட்கும் வழிகள்) ஒரே முகவரியிலிருந்து வருவதால், வேறு முகவரியிலிருந்து வரும் கோரிக்கைகளைப் பிரவுசர் தடுக்கும் கார்ஸ் தலைவலி இல்லை. எழுதும்போது உடனுக்குடன் பார்க்க அதே கருவியின் டெவ் சர்வரை ஓட்டி, ஏபிஐ கோரிக்கைகளை மட்டும் நம் சர்வருக்குத் திருப்பும் ப்ராக்ஸி அமைப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் திரை காலியாக வராமல் இருக்க

இப்போது பக்கம் திறந்ததும் ஒரு நொடி வெறுமையாக இருக்கும், பிறகுதான் பட்டியல் வரும். லஸ்டரின் வியூ ஃபங்ஷன் எர்லாங்கிலும் ஓடும். எனவே வியூவை ஷேர்டுக்கு மாற்றினால், சர்வரே பட்டியலோடு எச்டிஎம்எல்லை எழுதி அனுப்பலாம். கூடவே அதே தரவை ஜேசானாக ஒரு ஸ்கிரிப்ட் டேக்குக்குள் வைத்தால், பிரவுசரில் லஸ்டர் தொடங்கும்போது அதை எடுத்து, அதே டிகோடரால் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இந்த இடத்தில் பலரும் கவனிக்காத ஒரு ஓட்டை உண்டு. ஒருவர் செலவுக் குறிப்பில் ஸ்கிரிப்ட் டேக்கை மூடும் எச்டிஎம்எல்லையே எழுதிவைத்தால்? ஜேசானுக்கு அது சாதாரணச் சரம், மாற்றாமல் விட்டுவிடும். பிரவுசரோ டேக் அங்கேயே முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, மீதியை எச்டிஎம்எல்லாகப் படிக்கும். அடுத்து அவர் எழுதிய எந்த நிரலும் உங்கள் பக்கத்தில் ஓடும். தீர்வு சுலபம். ஜேசான் சரத்தில் உள்ள ஒவ்வொரு ‘<’ குறியையும் அதன் யூனிகோட் எஸ்கேப்பாக, அதாவது பின்சாய்கோடு, யூ, 003 சி என்று மாற்றிவிட்டு உள்ளே வையுங்கள். டிகோடர் அதை மறுபடி ‘<’ ஆகவே படிக்கும். டைப்புகள் எவ்வளவு கறாராக இருந்தாலும் இதைப் பிடிக்காது.

வெளியே கொண்டுபோவது

சர்வர் ஃபோல்டரில் ‘க்ளீம் எக்ஸ்போர்ட்’ கட்டளையை ‘எர்லாங் ஷிப்மென்ட்’ என்ற விருப்பத்தோடு ஓட்டினால், கம்பைல் ஆன எல்லாமும் தொடங்கும் ஸ்கிரிப்ட்டும் ஒரே ஃபோல்டரில் வரும். ஓடும் கணினியில் க்ளீம் தேவையில்லை, எர்லாங் போதும். இரண்டு விஷயம் கவனியுங்கள். மிஸ்ட் சாதாரணமாக லோக்கல்ஹோஸ்டில், அதாவது அதே கணினிக்குள்ளிருந்து வரும் கோரிக்கைகளுக்கு, மட்டும்தான் காது கொடுக்கும். கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டினால் எல்லா முகவரிகளையும் குறிக்கும் 0.0.0.0 என்று பைண்ட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஓடுவதுபோல் இருக்கும், வெளியிலிருந்து எதுவும் எட்டாது. அப்புறம், உதாரண நிரல்களில் ரகசியச் சாவியை ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிதாக உருவாக்குவார்கள். அப்படியே விட்டால் சர்வர் மறுபடி தொடங்கும்போதெல்லாம் கையெழுத்திட்ட குக்கிகள் செல்லாமல்போய், எல்லோரும் மறுபடி உள்நுழைய வேண்டிவரும். சாவியை நிரலுக்கு வெளியே வைக்கும் சூழல் மாறியிலிருந்து எடுங்கள்.

ஒரு ஃபீல்டைச் சேர்க்கும் நாள்

செலவு நடந்த தேதி வேண்டும் என்று நண்பர் கேட்கிறார். ஷேர்டில் டைப்பில் தேதியைச் சேர்க்கிறீர்கள். சேமித்து மூன்று பேக்கேஜ்களையும் கம்பைல் செய்தால் செலவை உருவாக்கும் எல்லா இடமும் சிவக்கும்: டிகோடர், சர்வரில் தரவுதள வரிசையைப் படிக்கும் இடம், முன்பக்கத்தில் படிவம். ஒவ்வொன்றாகச் சரிசெய்து கடைசி சிவப்பும் போகும்போது வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். ஏறக்குறைய என்கிறேன், ஏனென்றால் என்கோடர் சிவக்காமல்போகலாம். அது செலவை உருவாக்குவதில்லை, இருப்பதைப் படிக்கிறது. ஃபீல்டுகளைத் தனித்தனியாகப் படிக்கும் என்கோடராக இருந்தால், தேதியைச் சேர்க்க மறந்தது கம்பைலருக்குத் தெரியாது. முன்பு எழுதிய அந்த என்கோடு–டிகோடு டெஸ்ட் இங்கேதான் உங்களைக் காப்பாற்றும்.

டெஸ்டும் பச்சை. சர்வரில் ஏற்றிவிட்டீர்கள். ஆனால் நண்பரின் கைப்பேசியில் அந்தப் பக்கம் நேற்றிலிருந்து திறந்தே கிடக்கிறது. அதில் ஓடுவது பழைய ஜாவாஸ்கிரிப்ட். அது தேதி இல்லாத செலவை அனுப்புகிறது, புதிய டிகோடர் 422 என்று விரட்டுகிறது. ஒரே மொழி, ஒரே டைப், ஒரே கம்பைலர் எல்லாம் ஒரே நேரத்தில் கம்பைல் ஆன இரண்டு பாதிகளுக்குத்தான் உத்தரவாதம். நேற்றைய பாதியும் இன்றைய பாதியும் சந்தித்தால் அது செல்லாது.

எனவே புதிய ஃபீல்டை டிகோடரில் முதலில் விருப்ப ஃபீல்டாக வையுங்கள், இல்லாவிட்டால் இன்றைய தேதி என்று எடுத்துக்கொள்ளட்டும். க்ளீமின் டிகோடு மாட்யூலில் இதற்கென்றே ஃபங்ஷன் இருக்கிறது. சர்வரின் ஒவ்வொரு பதிலிலும் பில்டு எண்ணை ஒரு ஹெடராக அனுப்பி, முன்பக்கம் தன் எண்ணோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மேலே ‘பக்கத்தைப் புதுப்பிக்கவும்’ என்று ஒரு பட்டை காட்டட்டும். பழைய பக்கங்கள் எல்லாம் ஓய்ந்த பிறகு, அடுத்த வெளியீட்டில் தேதியைக் கட்டாயமாக்குங்கள். ஃபீல்டை நீக்கும்போது இதே வரிசை தலைகீழாக: முதலில் முன்பக்கம் அதைக் கேட்பதை நிறுத்தட்டும், சர்வர் அதை அனுப்புவதை நிறுத்துவது அடுத்த முறை.